பாரத்தைப் பாதியாக்கு

...ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது, அதுதான் முக்கியம், அடிவாரத்து முந்தல் செக்போஸ்டைத் தாண்டியதும் முதல் துண்டு, மலை ஏறிப் போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் கடைசித் துண்டு, அதாவது ஜெர்மனி, இரண்டு வருடம், அடுத்த மாதமே டிக்கெட்... என்று ஜீப்பின் முன்சீட்டில் மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு சிவரஞ்சனி மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி வந்தாள், பக்கத்தில் அப்பா தங்கபாண்டி சலவைச் சட்டையில் ஜோராக வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார், பாவம், மகள் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டாள், இனி தேனியிலோ மதுரையிலோ ஒரு காலேஜில் சேர்ந்து வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருக்கிற மனுஷன், அம்மா போன பிறகு மேட்டு வீட்டில் ஏலச்செடிக்கும் மழைக்கும் நடுவே ஒத்தையாய்க் கிடக்கிற மனுஷன், அவர் தலையில் இதைத் தூக்கிப் போட்டால் என்ன ஆவார்? இரும்பே தாங்காதே.

இரும்பைப் பற்றி அவளுக்குத் தெரியும், வருடக்கணக்காய் அதே சோலிதானே, கம்பியை லேசாக வளைத்துவிட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும், ஓர் எல்லையைத் தாண்டி வளைத்தால் கையை எடுத்தாலும் வளைந்தது வளைந்ததுதான், அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைத்தான் அவள் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்க்கிறாள், இதை ஒருமுறை அப்பாவிடம் விளக்கப்போய், வளைஞ்சா பட்டறையில குடுத்து நிமித்திக்கிற வேண்டியதுதான என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... ஆனால் அந்தக் கணக்கு லேசில் மசியாது, முழுப் பாரத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினால் ப்ரோக்ராம் விடை தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிடும், அப்போது பாரத்தைப் பாதியாக்கு, அதற்கும் மசியவில்லையா, அதிலும் பாதியாக்கு, ஒவ்வொரு துண்டையும் ஏற்றி, அது வளைந்து அடங்கும்வரை பொறு, அப்புறம் அடுத்தது, இரும்புக்கே இவ்வளவு பக்குவம் பார்க்கிறவள் பெற்ற அப்பாவுக்குப் பார்க்க மாட்டாளா? அதனால் முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் ஆரம்பித்தாள்.

தன்னுடைய கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது என்றாள், அப்பா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, மேட்டு வீட்டு அடுப்படிக்கு வெள்ளையடிச்சாச்சு என்றார், ஆச்சரியம்தான், சொல்லிச் சொல்லி வாய் வலித்தும் செய்யாத வேலை, சரி, நல்லதுதான், அடுத்த வளைவில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் மெயில் போட்டிருக்கிறார் என்றாள், அப்பா அப்படியா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, போயிலையை விட்டுட்டேன் என்றார், அடேயப்பா, அம்மா தலைகீழாக நின்றும் விடாத போயிலை! எதிரே கூலியாட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற ஜீப்பு வந்தது, அப்பா ஓரங்கட்டி வழி விட்டார், முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை, நன்றாகத் தாங்குகிறார், இன்னும் ஏற்றலாம் போலிருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அங்கேயே வந்து வேலை செய்யச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள், அவர் கியரை மாற்றி ரெண்டு வளைவு ஏற்றினார், பிறகு, மடியில இருக்கிற இட்லி சந்திரவல்லி டீச்சர் குடுத்துவிட்டது, சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு என்றார். ராசிங்காபுரத்து அங்கன்வாடி டீச்சர், வீட்டுக்காரர் இல்லாதவர், அம்மா படுக்கையில் கிடந்த நாளில் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டிவிட்ட நல்ல மனுஷி, சிவரஞ்சனி ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள், அந்தக் கைப்பக்குவமே தனி.

பனி இறங்கிவிட்டது, இனி கடைசித் துண்டு, இரண்டு வருடம், டிக்கெட், சொல்லிவிடு என்று வாயைத் திறக்கப்போனபோது அப்பா ஜீப்பை ஓரமாய் நிறுத்தினார், இன்ஜின் சூடாயிருச்சாம், இந்தப் பனியில் எங்கே சூடாகும்? அவர் அவளைப் பார்க்கவில்லை, கீழே மங்கலாய்த் தெரிந்த போடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆத்தா, சந்திரவல்லி டீச்சரக் கல்யாணம் பண்ணிக்கிரலாம்னு இருக்கேன். உனக்குச் சங்கடமா இருந்தாச் சொல்லு, வேண்டாம்."

வெள்ளையடித்த அடுப்படி... விட்ட போயிலை... சலவைச் சட்டை, இட்லி... ஐயோ, இந்த மனுஷன் அடிவாரத்திலிருந்து அவள்மேல் துண்டு துண்டாய் ஏற்றிக்கொண்டல்லவா வந்திருக்கிறார், ஒன்றைச் சொல்லி, அது அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் அடுத்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவருக்கு? தன் சாமர்த்தியத்தில் மயங்கி அவள் ஒன்றையுமே கவனிக்கவில்லை, சிரிப்பு வந்தது, அப்பா மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது, அந்த வேகத்தில் பாதியுமாவது, பக்குவமுமாவது, மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

"நல்லதுப்பா. நானும் ஜெர்மனி போறேன். ரெண்டு வருசம், அடுத்த மாசமே."

அப்பா ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார், கண் கலங்கியிருந்தது, ஆனால் உடைந்துபோகவில்லை.

"போயிட்டு வா ஆத்தா. அம்மா படத்த எங்க மாட்டுறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அம்மா படம்... அது அடுப்படிச் சுவரில் அல்லவா இருந்தது, வெள்ளையடிக்கும்போது கழற்றியிருப்பார், ஆணியையும் பிடுங்கியிருப்பாரோ? அவளுடைய ப்ரோக்ராம் ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் ஒன்றுமே ஆகவில்லை, எல்லாம் பழையபடி நிமிர்ந்துகொள்ளும் என்றுதான் வைத்துக்கொள்ளும், அப்புறம்தான் எல்லையைத் தாண்டியதா என்று பார்க்கும், அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை, டீச்சர் நல்லவர், அப்பா ஒத்தையாய் இருக்க மாட்டார், எல்லாம் நல்லதுக்குத்தான்... வழியெல்லாம் அப்பா எவ்வளவு தாங்குவார் என்றே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவள், தனக்கும் ஓர் எல்லை உண்டே, அது எங்கே என்று ஒருநாளும் பார்த்ததில்லையே... பிட்ட இட்லியின் மீதி கையில் அப்படியே இருந்தது.

"வண்டிய எடுங்கப்பா," என்றாள், "வீட்டப் பாத்துட்டுச் சொல்றேன்."