பச்சை நீலமாகும் இடம்

"என் காது போச்சு, ஓடில். இந்த மாசத்தோட விலகிடறேன்."

அர்மான் இதைச் சொன்னது பெண்டாட்டியைப் பார்த்து அல்ல, சூப் கிண்ணத்தைப் பார்த்து. மொன்ட்ரியாலில் ஒரு மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவன். பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் குழு அது. இந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களின் பிரதான பாட்டு சுருதியில் அரைக்கட்டை இறங்கித்தான் முடிகிறது. எங்கே இறங்குகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. குழுவை விட்டால் மனுஷன் நொடிந்துபோவான் என்று ஓடிலுக்குத் தெரியும், பயமாக இருந்தது.

பாட்டின் சுருதியை அளப்பதுதான் அவள் பிழைப்பே. பல்கலைக்கழகத்தில் அவள் எழுதிய நிரல், பாட்டைச் சில விநாடித் துண்டுகளாகக் கேட்டு, ஒவ்வொரு துண்டும் எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கணித்து, சுருதிக்கு ஒரு நிறமாகத் திரையில் பட்டை வரைந்துகொண்டே போகும். ஒத்திகைப் பதிவுகளை எல்லாம் அதில் போட்டாள்.

பச்சையில் தொடங்கிய பட்டை நடுவழியில் கலங்கி, அரைக்கட்டை கீழான நீலமானது. முதலில் நிரலைத்தான் திட்டினாள். பியானோ கேட்டே வளர்ந்த பிள்ளை அது, வெறும் குரல் என்றால் மிரளும். துண்டுகளை நீட்டிப் பார்த்தாள், குறுக்கிப் பார்த்தாள். நீலம் அசைந்துகொடுக்கவில்லை. குழுவில் எமெலின் என்பவள் தனியாகப் பாடும் வரிக்குச் சற்று முன்னால்தான் எப்போதும் சரிவு. இரண்டு பதிவுகளில் மட்டும் கடைசிவரை பச்சை.

"இந்த ரெண்டு நாள்ல என்ன விசேஷம்?"

அர்மான் தேதியைப் பார்த்தான். "எமெலின் வரல. ஆபரேஷனுக்கப்புறம் தொண்டையைக் காட்டப் போயிருந்தா. வேற பொண்ணு பாடிச்சு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எமெலினுக்கு உச்ச ஸ்வரம் எட்டவில்லை. எட்டும் இடத்துக்குக் குழுவில் மற்றவர்கள் பாட்டையே இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"பேசி வெச்சுக்கிட்டாங்களா?" என்றாள் ஓடில்.

"அந்தக் கும்பலா? காப்பி யார் போடறதுன்னே அவங்களால பேசி முடிக்க முடியாது."

சிரித்தான், கண் நிறைந்துவிட்டது. "அப்போ என் காது?"

"காது நல்லாத்தான் இருக்கு, மக்கு. கண்ணுதான் சரியில்ல. எதிர்ல நின்னவளைப் பாக்கலியே நீ!"

அடுத்த ஒத்திகையில் அர்மான் சுருதி பிடிக்க உதவும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தான். தொடக்கச் சுருதியை வழக்கத்தைவிட அரைக்கட்டை கீழே முனகிக் காட்டினான்.

"உன் கவைக்குச் சளியா, அர்மான்?" என்றாள் எமெலின்.

"இந்தக் குளிர்ல அது மட்டும் என்ன பண்ணும், பாவம்?"

யாரும் சிரிக்கவில்லை. எமெலின் ஒரு கணம் எல்லோர் முகத்தையும் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பாட்டு தொடங்கியது.

பின்வரிசையில் ஓடிலின் மடியில் கணினி. பட்டை தொடக்கத்திலிருந்தே நீலம். சரிவு வரும் இடத்தையும் அப்படியே தாண்டியது. எமெலின் உச்ச ஸ்வரத்தைத் தொட்டாள், தாளில் எழுதியிருப்பதைவிட நெடுநேரம் பிடித்தாள். அவளாக விடும்வரை அர்மான் கையை இறக்கவில்லை.