ரஸ்ஸின் ஆட்டோமேட்டிக்

பிப்ரவரியில் ஒரு பசு ஜோலீனின் இடது முழங்காலைக் கேட்டோடு வைத்து நசுக்கிவிட்டது. அப்போதுதான் கன்று போட்டிருந்த பசு. கன்றைத் துடைக்கப் போனவளை அது சும்மா விடுமா? ஷெரிடன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். நடக்க முடிந்தது, குதிரை ஏறவும் முடிந்தது. கிளட்சை மிதித்துப் பிடிக்கிற தெம்பு மட்டும் அந்தக் காலுக்குத் திரும்பவே இல்லை.

ஜோலீனுக்கு அது சின்ன விஷயமில்லை. கல்யாணமான நாள்முதல் அவளும் ஹார்லனும் மாற்றி மாற்றித்தான் வண்டி ஓட்டினார்கள். ஆறு கியர் டீசல் பிக்கப், பின்னால் மாடு ஏற்றுகிற நீள ட்ரெய்லர். பிக்ஹார்ன் மலையில் எந்த வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும் என்பதை ஹார்லனைவிட அவள்தான் சரியாகச் சொல்வாள். வெளியே ஒப்புக்கொள்ள மாட்டான், ஆனால் ஹார்லனுக்கும் அது தெரியும்.

அந்த வண்டிக்கும் வயதாகிவிட்டது. வேறு வாங்கியே ஆக வேண்டும்.

"ஆட்டோமேட்டிக் பார்ப்போமே," என்றாள் ஜோலீன்.

"பாரம் இழுக்கிற வண்டிக்கு ஆட்டோமேட்டிக்கா? மலை இறங்கும்போது உன் கையில என்ன இருக்கும்? ஸ்டியரிங்கும் பிரார்த்தனையும்தான்."

"அதெல்லாம் அந்தக் காலத்துக் கதை. இப்ப வர்றது தானாவே கியரைக் குறைச்சுக்குது, எஞ்சினே பிடிச்சு நிறுத்துது. கியர் வண்டி செய்யறதையே விட்டுட்டாங்க, ஹார்லன்."

"பில்லிங்ஸ்ல ஒருத்தன்கிட்ட பழைய கியர் வண்டி ஒண்ணு இருக்கு. ராஜா மாதிரி வச்சிருக்கான்."

"சரி, நான் எதை ஓட்டறது?"

"கால் சரியாயிடும்."

ஜோலீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இந்த நேரத்தில்தான் ரஸ் உள்ளே வந்தான். பக்கத்துப் பண்ணைக்காரன், மனைவி இறந்து சில வருஷமாகிறது. ஆறடிக்கு மேல் உயரம், அதிகம் பேசமாட்டான். அவனிடம் புது ஆட்டோமேட்டிக் இருந்தது. "என் காளைகளை வொர்லண்ட் சந்தைக்குக் கொண்டு போகணும். நீ ஓட்டிப் பாரேன், ஜோலீன்," என்றான். அவள் ஒரு தடவை போனாள். பிறகு இன்னொரு தடவையும் போனாள்.

"பத்து கியர், ஹார்லன்!" முதல் நாள் வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "எப்ப மாறுதுன்னே தெரியல. வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி. இறக்கத்துல நான் பிரேக்கைத் தொட்டதே ரெண்டு மூணு தடவைதான்."

முகமெல்லாம் சிரிப்பு. பிப்ரவரிக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து ஹார்லன் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை அடுத்த வீட்டுக்காரன் கொடுத்தனுப்பியிருக்கிறான் என்று நினைத்ததும் வாயில் இருந்த இறைச்சி ரப்பராகிவிட்டது.

பஃபலோ ஊர்க் காபிக்கடையில் விஷயம் பரவ எத்தனை நாளாகும்? தீவனம் விற்கிற ஆர்லோதான் ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா ஹார்லன், உன் பொண்டாட்டி ஆட்டோமேட்டிக்குக்கு மாறிட்டாளாமே? உன் பழைய கியர் கரகரங்குதா?"

கடையே சிரித்தது. ஹார்லனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வோமே! ஆனால் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

அதற்கப்புறம் அவன் கண் சும்மா இருக்கவில்லை. அவள் கோட்டை மாட்டும்போது புது வண்டியின் தோல்வாசனை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தான். ரஸ் பெயரை வாரத்தில் எத்தனை முறை சொல்கிறாள் என்று கவனித்தான். சொல்லாத நாளில், ஏன் சொல்லவில்லை என்று யோசித்தான். ஒருநாள் வேலியோரம் நின்று பேசும்போது ரஸ்ஸே வெகுளியாக வண்டிக் கதவைத் திறந்து காட்டினான்.

"இதப் பாரு. ஒண்ணாம் பொத்தான் எனக்கு. ரெண்டாவது ஜோலீனுக்கு. அமுக்கினா சீட் முன்னால போய் அவ உயரத்துக்கு வந்துடும். கண்ணாடிகூட தானாத் திரும்பிக்கும்."

"நல்லா இருக்கே," என்றான் ஹார்லன். இன்னொருத்தன் வண்டிக்குத் தன் மனைவியின் அளவு தெரிந்திருக்கிறது! அன்றிரவு அவனுக்குத் தூக்கமே வரவில்லை. பொழுது விடிந்ததும் பில்லிங்ஸ்காரனுக்குப் போன் போட்டு, "வண்டியை யாருக்கும் குடுத்துடாதே, நான் வர்றேன்," என்றான்.

போவதற்குள் ஜூன் வந்துவிட்டது. மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு மலைக்கு ஏற்றுகிற வேலை. வருஷா வருஷம் இரண்டு பண்ணையும் சேர்ந்துதான் செய்யும். ரஸ்ஸின் வண்டியில் ஒரு பாரம், ஹார்லனின் வண்டியில் ஒரு பாரம்.

"எனக்குத் தோள்பட்டை வலி, ஜோலீனே ஓட்டட்டும்," என்று சொல்லிவிட்டு ரஸ் பக்கத்து சீட்டில் ஏறினான்.

ஹார்லன் பின்னால் தனியாக வந்தான். நேர் ரோட்டில் அவர்களுடைய ட்ரெய்லரின் முதுகுதான் தெரிந்தது. வளைவு வரும்போதெல்லாம் முன்வண்டி பக்கவாட்டில் திரும்பி, கண்ணாடிக்குள் இரண்டு தொப்பிகளைக் காட்டியது. ஒரு வளைவில் இரண்டும் நேராக இருந்தன. அடுத்ததில் ஒரு தொப்பி மற்றதன் பக்கம் சாய்ந்திருந்தது. இந்த ஏற்றத்தில் அப்படி என்ன பேச்சு?

ஏற்றம் கடுமையாக ஆக ஆக அவர்கள் விலகிப்போனார்கள். ஹார்லன் கியரைக் குறைத்தான், வண்டி முக்கி முனகியது. அவர்களுடையது முக்கவே இல்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே ரோடு வேலை நடந்தது. 'நில்', 'போ' என்று திருப்பிக் காட்டுகிற பலகையைப் பிடித்த பெண் ஜோலீனைப் போக விட்டுவிட்டு ஹார்லனை நிறுத்தினாள். நட்ட நடு ஏற்றம். பின்னால் வண்டி நிறைய மாடு. முன்வண்டி திருப்பத்தில் மறைந்தது.

பலகை திரும்ப நேரமானது. திரும்பியதும் ஹார்லன் முதல் கியரைப் போடவில்லை. அதில் எடுத்தால் வண்டி நத்தையாக ஊரும், அவர்களைப் பிடிக்கவே முடியாது. இரண்டாவதைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சினை அலறவிட்டான். வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினான். நாலு அடி நகர்ந்தது. கிளட்ச் கருகுகிற நாற்றம் வந்தது, பிறகு கதவிடுக்கெல்லாம் புகை வந்தது. எஞ்சின் மட்டும் ஓட, சக்கரம் அசையாமல் நின்றது.

கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. ட்ரெய்லருக்குள் பசுக்கள் கத்த ஆரம்பித்தன. பலகைப் பெண் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அது அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மேலே மாடுகளை இறக்கி, ட்ரெய்லரையும் கழற்றிப்போட்டுவிட்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஜோலீன் இறங்கியதும் மூக்கைச் சுளித்தாள். ரஸ் எதுவும் கேட்கவில்லை; சங்கிலி எடுக்கப் பின்பக்கம் போய்விட்டான்.

"ரெண்டாவதுல எடுத்தியா?" என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நீயா? இத்தனை பாரத்தோட, இந்த ஏத்தத்துல?"

"உங்களைப் பிடிக்கணும்னு..."

"பிடிச்சு என்ன பண்ணப் போறே?"

இதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. "அவன் உன்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தோள்பட்டை வலியாம்! பொத்தானாம்!"

ஜோலீன் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "தெரியும். உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஏப்ரல்ல அவனே சொல்லிட்டான். முடியாதுன்னேன். சரின்னான். அத்தோட முடிஞ்சுது."

இத்தனை நாளும் தன் சந்தேகம் பொய்யாகிவிட வேண்டும் என்றுதான் ஹார்லன் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தான். பாதி உண்மையாகும் என்று எண்ணவில்லை.

"அதுக்கப்புறமும் அவன் வண்டியில ஏறினியா?"

"அவன் வண்டியிலதான் என்னால ஓட்ட முடியுது, ஹார்லன். உன் வண்டியில நான் தீவன மூட்டை. ஏத்தி வச்ச இடத்துல உக்காந்து வரணும். நீ பில்லிங்ஸ்ல பார்த்து வச்சிருக்கியே, அதுலயும் அப்படித்தான்." அவள் கண் கலங்கியிருந்தது. "அவனுக்கு நான் வேணும்னான். முடியாதுன்னு சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகல. உனக்கு நான் வேணுமான்னு பிப்ரவரியிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

சங்கிலியோடு ரஸ் வந்துவிட்டான். மூவரும் வேலையில் இறங்கினார்கள். ட்ரெய்லரை வண்டியோடு மாட்டுகிற கழுத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, செத்த வண்டியை இழுத்து ஓரங்கட்டி, அந்த இடத்தில் ரஸ்ஸின் வண்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ரஸ் தானாகவே பின்சீட்டில் ஏறினான். "நீ முன்னால உக்காரு," என்றான் ஹார்லனிடம், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஜோலீன் காலை அழுத்தினாள். முழுப் பாரமும் அந்த ஏற்றத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. ஹார்லன் அவள் முகத்தைப் பார்த்தான். இதற்காகத்தான் இவள் ஏங்கினாளா? இதை நான் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. தோன்றியதால் பொறாமை தணிந்துவிடவில்லை. பின்சீட்டில் ரஸ் இருமினால்கூட அவன் கழுத்து விறைத்தது.

அந்த வாரமே பில்லிங்ஸ்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஜில்லெட் ஊரில் ஒரு ஆட்டோமேட்டிக்கை இருவரும் போய்ப் பார்த்தார்கள். ட்ரெய்லரை மாட்டி மேட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஜோலீன் தலையாட்டினாள். அதை வாங்கித் திரும்பும்போது அவள் ஓட்ட, ஹார்லனின் இடது கால் ஒவ்வொரு மேட்டிலும் இல்லாத கிளட்சைத் தேடி மிதித்தது. "அங்க ஒண்ணுமில்லப்பா, கால் வலிக்கப் போகுது," என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவன் ஜில்லெட் வரை போக வேண்டியிருந்தது. போனது வீண் இல்லை.

அக்டோபரில் ரஸ் மாடுகளை விற்றான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஐடஹோவில் இருக்கிற மகளிடம் போவதாக, கிளம்புகிற அன்று காலை சொல்ல வந்தான். வாசலிலேயே நின்று இருவருக்கும் கைகொடுத்தான். ஹார்லனின் கையை மட்டும் ஒருகணம் அதிகமாகப் பிடித்திருந்தான், அவ்வளவுதான்.

ரஸ்ஸின் வண்டி மறைந்ததும் ஹார்லனுக்கு நெஞ்சு லேசானது. அப்படி ஆனதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஜோலீன் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். போனவனை நினைக்கிறாள். பழைய எரிச்சல் கிளம்பியது. இனி வேலிக்கு அந்தப்பக்கம் ஆளே இல்லை. எரிச்சல் மட்டும் எங்கும் போகவில்லை.

ஏதோ சுருக்கென்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான்.

"மலைப்பக்கம் பனி விழுந்திருக்காம்," என்றான். "ஊர் போய்ச் சேர்ந்தானான்னு ஒரு போன் பண்ணிக் கேளேன்."

ஜோலீன் நிமிர்ந்து பார்த்தாள். "நீ கேளு."

"நான் கேட்டா ரெண்டு பேரும் பேசாம மூச்சு விட்டுக்கிட்டிருப்போம். நீ கேளு."

அவள் போனை எடுத்தாள். ஹார்லன் தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, குதிரைகளுக்கு வைக்கோல் போடப் போனான்.