புறங்கை

மணிமுத்து ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து அண்ணனின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டான். கால்மாட்டைப் பிடிக்க ஆள் வரவில்லை. மேலகரத்தில் அந்தத் தெருவே கூடி நின்றது. ஆனால் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரவர் வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் டிரைவர்தான் முணுமுணுத்துக்கொண்டே வந்து ஒரு கை கொடுத்தார். உச்சிமாகாளி வெள்ளை பிளாஸ்டிக் பைக்குள், ஜிப் போட்டு மூடியபடி, சொந்த வீட்டு முற்றத்துப் பெஞ்சில் வந்து படுத்தான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பையின் மேல் விழுந்த தண்ணீர் ஒட்டாமல் வழிந்து இறங்கியது.

"இங்கன வச்சு அவுக்க வேண்டாம். நேரா கொண்டு போயிருவோம்" என்றார் சங்கிலிப்பாண்டி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அருவிக்கரையில் யார் எண்ணெய்ப் பாட்டிலோடு உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதிலெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். "சீசன் நேரம் பாத்துக்க. டிபின்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா ஒரு பய நம்மகிட்ட முதுகைக் காட்ட மாட்டான். ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லி முடிச்சிருவோம். கேட்டியா மணி?"

"அண்ணாச்சி, அண்ணனுக்கு டிபி மருந்துக்குக் கேட்டு வந்துச்சு. சளியில கிருமி இல்லன்னு சொல்லிட்டாவ. அவனே உங்ககிட்ட வந்து சொன்னாம்லா."

"சரியானவன் ஏம்லே செத்தான்?"

சொன்னாலும் கேட்கிற காதா அது?

தை மாதம் ஆரம்பித்த மாத்திரையை உச்சிமாகாளி ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. வயிற்றைப் புரட்டியது, மூத்திரம் செக்கச்செவேலென்று போனது, ஆனாலும் விழுங்கினான். இனி உங்களால் யாருக்கும் ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்று அரசாங்க டாக்டர் சொன்ன அன்றே தொழில் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, கழுத்துவரை எண்ணெய் நிரப்பினான். பிறகு போய்ச் சங்கிலிப்பாண்டி முன்னால் நின்றான். "இந்த சீசன் போகட்டும்லே, அடுத்த சீசன் பாப்போம்" என்று பதில் வந்தது. பாட்டிலைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தவன், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

அப்புறம்தான் மாத்திரை ஈரலில் பட்டுக் கண்ணெல்லாம் மஞ்சளாகியது. கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரியென்றால் சுத்தமாக இருக்கும் என்று எல்லாரும் சேர்ந்துதான் அங்கே சேர்த்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கையில் மருந்து தடவிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரே கையுறையோடு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போன கைகளை மணிமுத்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். பெரிய இடம், அவர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டான். மஞ்சள் இறங்கி, நாளைக்கு வீடு, நாளன்றைக்கு வீடு என்று இருந்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. கழுத்தில் ஊசி போட்டார்கள். அப்புறம் தொண்டையில் குழாய்.

நேற்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயபிரியா மணிமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். சின்னப் பெண். கண் சிவந்திருந்தது.

"இது டிபி இல்லங்க. வேற கிருமி. இருக்கிற மருந்தெல்லாம் குடுத்துப் பாத்துட்டோம். எதுக்கும் கேக்க மாட்டேங்குது."

"அது எங்கன இருந்து மேடம் வந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இங்க இருந்துதான்."

இன்று விடிகாலையில் எல்லாம் முடிந்த பிறகு, குளிப்பாட்டலாமா என்று அவளிடம்தான் கேட்டான். கையில் காயம் இல்லாமல் இருந்தால் போதும், முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள் என்றாள். ஆனால் பிணம் கட்டுகிற ஆட்களுக்கு டிபி கேஸ் என்பது மட்டும்தான் தெரிந்தது. பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, எக்காரணம் கொண்டும் திறக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். கிருமியை ஒட்டவிட்டதும் அவர்கள், பத்திரம் சொன்னதும் அவர்கள்.

உச்சிமாகாளியின் பெண்டாட்டி சந்தனமாரி எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"எண்ணெ வைக்காம எம்மாப்பிள்ளைய எடுக்க விட மாட்டேன். ஊரு முதுகையெல்லாம் தேச்ச மனுசன். அவருக்கு ஒரு சொட்டு எண்ணெ கெடையாதோ?"

சங்கிலிப்பாண்டி அவளைப் பார்க்கவில்லை. மணிமுத்துவைப் பார்த்துத்தான் பேசினார். "ஏலே, ஒரு தடவைதான் சொல்லுவேன். அந்தப் பையத் தொறந்து தொட்டேன்னா, இந்த சீசன் மட்டுமில்ல, எந்த சீசனுக்கும் அருவிக்கரைப் பக்கம் வராத. உன் கைய எவம்லே நம்பி உக்காருவான்?"

மணிமுத்துவுக்கும் எண்ணெய் தேய்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் அவனுக்கு இருக்கிறார்கள். சீசனில் ஓடினால்தான் வருஷம் ஓடும். இதெல்லாம் சங்கிலிப்பாண்டிக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்கிறார். மதினி கிண்ணத்தை ஏந்தியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் ஜிப்பைப் பிடித்து இழுத்தான்.

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. உச்சிமாகாளியின் கன்னத்தில் குழாயை ஒட்டிவைத்த பிளாஸ்திரியின் தடம் இருந்தது. இரண்டு கைகளும் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்து வீங்கிக் கிடந்தன. எத்தனையோ ஊர்க்காரர்களின் வலியை எடுத்த கைகள்.

சந்தனமாரி புறங்கையை எண்ணெயில் தொட்டு மூன்று முறை தலையில் வைத்தாள். செத்தவர்களுக்குப் புறங்கையால்தான் வைக்க வேண்டும். அதன் பிறகு யாரும் வரவில்லை.

"எண்ணெ வைக்கவங்க வாங்க" என்று மணிமுத்து கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு, சங்கிலிப்பாண்டியைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க வாங்க. இடுப்புப் புடிச்சு நீங்க எந்திரிக்க மாட்டாமக் கெடந்தப்போ தெனமும் உங்க வீட்டுக்கே வந்து தேச்சவன்லா."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வந்தார். வேட்டி பெஞ்சில் பட்டுவிடாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு, விரலின் பின்பக்கத்தை மட்டும் நனைத்து, ஒரு முழம் உயரத்திலிருந்து உதறினார். சொட்டு தலையில் விழவில்லை, பெஞ்சில் விழுந்தது. அவர் நேரே தெருக்குழாய்க்குப் போய் முழங்கைவரை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

மணிமுத்து கிண்ணத்தை வாங்கி உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றினான்.

"புறங்கை, புறங்கை" என்று பின்னாலிருந்து யாரோ பதறினார்கள்.

"அது எண்ணெ வைக்கவங்களுக்கு. நான் தேய்க்கப் போறேன்."

உச்சந்தலையில் தொடங்கினான். பிடரிக்கு இறங்கி, தோள்பட்டையில் கட்டைவிரலை ஊன்றி, அருவிக்கரையில் ஒரு ஆளுக்குத் தேய்ப்பதுபோலவே தேய்த்தான். ஊசிக் காயங்களின் மேல் மட்டும் மெதுவாகப் போனான். நல்ல உடம்பு என்றால் நாலு தேய்ப்பில் எண்ணெயைக் குடித்துவிடும், கைக்கே தெரியும். இந்த உடம்பு ஒரு சொட்டும் வாங்கவில்லை. ஊற்றியதெல்லாம் மேலேயே நின்று, சாரல் தண்ணீரோடு சேர்ந்து பெஞ்சின் ஓரமாக வழிந்தது. அவன் நிறுத்தவில்லை. கிண்ணம் காலியானது.

"மதினி, இன்னும் கொஞ்சம் வேணும்."

சந்தனமாரி உள்ளே போய், ஜன்னலில் இருந்த உச்சிமாகாளியின் தொழில் பாட்டிலை எடுத்து வந்தாள். கழுத்துவரை எண்ணெய் அப்படியே இருந்தது. மூடி இறுகிப்போய் அவளால் திறக்க முடியவில்லை. மணிமுத்துவிடம் நீட்டினாள்.