மூன்று மூடி ரம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் மாலையிலேயே குளிர்ந்த கடற்காற்று வீடுகளுக்குள் புகுந்துவிடும். அத்தகைய மாலைகளில் அமராவதி பாலைக் காய்ச்சி, கொக்கோத் தூளையும் சீனியையும் கட்டியின்றிக் கரைத்து, ஒரு துண்டு பட்டையை இட்டு இறக்குவாள். பிறகு கணவர் சத்தியசீலனின் கோப்பையில் மட்டும் ஒரு மூடி ரம் ஊற்றுவாள். கைப்பேசிக் காணொளி ஒன்றில் கண்ட செய்முறை அது.

அவள் குடியை விரும்பியவள் அல்லள். செம்பனை ஆலையில் வேலை முடிந்ததும் சத்தியசீலன் நேரே பீர்க் கடைக்குப் போவார். பேச்சையெல்லாம் நண்பர்களிடம் செலவழித்துவிட்டு வீடு திரும்புவார். மகள் விஷாலினி பினாங்கு மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தபின் அமராவதிக்குப் பேச ஆளில்லை. குடிக்க வீட்டிலேயே கிடைத்தால் அவர் நேரே வந்துவிடுவார் என்று எண்ணினாள்.

வந்தார்.

"ஒன் சித்தப்பா நம்ம கல்யாணத்துல பாயசத்துக்குச் சண்ட போட்டாரே, ஞாபகம் இருக்கா?" என்று முதல் வாரம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க அவள் எத்தனை ஆண்டுகள் ஏங்கியிருந்தாள்!

"அமரா, இது சின்னப் புள்ளைங்க குடிக்கிற மாதிரி இருக்குலா. இன்னொரு மூடி ஊத்து."

"ஊத்துறேன். கடைப் பக்கம் போகக்கூடாது."

"இத விட்டுட்டு எவன் போவான்?"

ஒரு மூடி மூன்றாயிற்று; ஒரு கோப்பையும் மூன்றாயிற்று. மூன்றாவது கோப்பையின் பாதியிலேயே அவர் தலை சாயத் தொடங்கியது. சொல்ல நினைத்ததையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அமராவதி எதிரே அமர்ந்திருப்பாள்.

ஒரு மாலை விஷாலினி அழைத்தாள். "அப்பா, என்னைக் கடல் தாண்டி கூச்சிங் ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க. மூணு வருஷம். நீங்க வேணாம்னா போகல. போகட்டுமா?"

"போம்மா, போ," என்றார் நா குழற. கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை காலணியை மாட்டியபடி, "விஷா ஏன் நேத்து போன் பண்ணல?" என்று கேட்டார்.

அமராவதி நடந்ததைச் சொன்னாள். அவர் கை அப்படியே நின்றது.

"நீங்க கடையில இருந்தப்ப, எப்ப வருவீங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டாவது இருந்தேன். இப்ப எதிர்லயே இருக்கீங்க. நான் யாரப் பாக்கறது?" என்றாள். "தப்பு என்னுதுதாங்க. கடையிலிருந்து ஒங்களக் கூட்டியாந்துட்டதா நெனச்சேன். கடையத்தான் வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கேன்."

அவர் காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று மாலை அவர் வருவாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மழையில் நனைந்தபடி நேரத்தோடு வந்து சேர்ந்தார். கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தார்.

"ஒண்ணும் ஊத்தலயா?"

"இல்லீங்க. பாலும் கொக்கோவும்தான்."

அவர் மீதியையும் குடித்து முடித்தார்.

அன்பர்களே, மதுவைக் கொடுத்து ஒருவரை வீட்டில் அமர்த்திவிடலாம். அவருடைய துணையை அதனால் பெற முடியாது. நாம் பேசுவதைக் கேட்கும் மனத்தை அது முதலில் கொண்டுபோய்விடும்.

சத்தியசீலன் கைப்பேசியை எடுத்தார்.

"விஷா, நேத்து கேட்டத இன்னொரு தடவ கேளும்மா. அப்பா இன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கேன்."