ரோஸ்லினுக்கும் ரோஸ்லினுக்கும் ஒரு மேசை

எங்கள் டீமில் ஏழு பேர். ஏழு பேருக்கும் பொதுவில் ஒரு கறுப்பு செல்போன். அமெரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் தீனி விற்கிற ஒரு கம்பெனியின் வெப்சைட்டை ஹைதராபாத் மாதாப்பூரில் உட்கார்ந்துகொண்டு காப்பாற்றுவது எங்கள் வேலை. இங்கே பொழுது சாய்கிற நேரம் அங்கே கடை திறக்கும். அந்த நேரம் பார்த்து வெப்சைட் படுத்துக்கொண்டால் கறுப்புப் போன் அலறும். யார் கையில் இருக்கிறதோ அவர் லேப்டாப்பைத் திறந்துவைத்து, பூனைகளுக்கு வழி பிறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன் யாரிடம் என்று முடிவு செய்ய டீம் லீடர் தண்டபாணி ஓர் எக்ஸெல் ஷீட் வைத்திருந்தார். பெயர், ஊர், ரத்த வகை, அப்புறம் 'ஃபேமிலி' என்று ஒரு கட்டம். அதில் யெஸ் அல்லது நோ. பண்டிகை வந்தால் நோ போட்டவர் போனை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்கு யெஸ். எனக்கு நோ. தூத்துக்குடியில் இருக்கிற அப்பா, அம்மா, அண்ணன், அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர், யாரும் சேர்த்தி இல்லையாம். ஷ்யாமும் போன டிசம்பர்வரை நோதான். நிச்சயதார்த்த மோதிரத்தை போட்டோ பிடித்துக் காட்டினான், அன்று மத்தியானமே யெஸ் ஆகிவிட்டான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நான் மாதா கோயில்காரி. இருந்தாலும் அந்த ஆண்டி நான்தான்.

தீபாவளிக்குப் போன் என்னிடம் இருந்தது, அது நியாயம். கிறிஸ்துமஸுக்கும் என்னிடமே இருந்தது. அதற்கு முந்தைய புனித வெள்ளியன்று, செகந்திராபாத் கோயிலில் சிலுவையை முத்தி செய்யக் குனிந்து உதட்டைக் கொண்டுபோன நேரம், கைப்பைக்குள் அது அலறியது. அதன் ரிங்டோன் நாய் குரைக்கிற சத்தம், யாரோ வேடிக்கைக்கு வைத்தது. சாமியார் பீடத்துக்கு அடியில் குனிந்து நாயைத் தேடினார். நானும் சேர்ந்து தேடினேன். வேறு என்ன செய்ய?

2008 பிப்ரவரி முதல் வாரம் தண்டபாணி என் இடத்துக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்.

"பதினாலாந்தேதி போன் உங்ககிட்டவே இருக்கட்டுங்க ரோஸ்லின். உங்களுக்கென்னுங்க, அன்னிக்கு ஒண்ணும் இருக்காதுங்களே" என்றார்.

போன்கூடப் பரவாயில்லை. அந்த 'ஒண்ணும்' கேட்டதும்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காதலர் தினத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்கு ஒன்றும் இருக்காது என்று இவர் எந்த எக்ஸெலில் பார்த்தார்? அன்றைக்கு ஒருத்தரோடு சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாருங்க என்று கேட்டார். உங்களுக்கும் தெரிந்தவர்தான் என்றேன். அவர் வாயைத் திறந்தவர் மூடாமலே நடந்து போனார். மற்ற ஐந்து பேரும் அன்றைக்கு டேபிள் சொல்லி வைத்திருந்ததால், போன் தண்டபாணி கழுத்திலேயே விழுந்தது.

நாலு மணிக்குள் செய்தி கேன்டீனைத் தாண்டிவிட்டது. ஷ்யாம் ஒயிட்போர்டில் ஐந்து பேர் பெயரை எழுதி, தெரிந்தவர்கள் டிக் போடலாம் என்று பேனாவையும் கட்டித் தொங்கவிட்டான். மூன்றாவது பெயர் கேட் செக்யூரிட்டி நூர் முகமது. அவருக்குப் பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. ஐந்தாவது, நாயைத் தேடிய சாமியார்.

யாரோடு சாப்பிடப் போகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. அறைக்குப் போய் யோசித்தேன். ஏழு வருஷ ஹைதராபாத்தில் யார் யாருக்கெல்லாம் என்னென்ன வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தால், இந்த ஊரில் என்னிடமிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட மரியாதையாகக் கிடைக்காத ஒரே ஆள் நான்தான். பாவமாக இருந்தது. சரி, இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன்.

கச்சிபௌலியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஓட்டல் ஒன்று இருந்தது. அன்று ஜோடிகளுக்கு மட்டும்தானாம். போனில் பெயர் கேட்டார்கள். ரோஸ்லின் என்றேன். கூட வருபவர்? ரோஸ்லின் என்றேன். எதிர்முனையில் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் பரிசு. தூத்துக்குடி மக்ரூன். முந்திரியும் முட்டையின் வெள்ளையும் சேர்த்துச் செய்வது, வாயில் போட்டால் கரையும். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் வரும்போதும் ஒரு கிலோ கொண்டுவருவேன். 'ஸ்வீட்ஸ் அட் மை டெஸ்க்' என்று ஒரு மெயில் போடுவேன். மூன்று நிமிஷத்தில் டப்பாவில் தூள்தான் மிஞ்சும். முழுசாக ஒரு டப்பாவை நான் தின்றதே இல்லை. இந்தத் தடவை அண்ணனிடம் சொல்லி கூரியரில் வரவழைத்தேன். மினுக்குக் காகிதம் சுற்றி, 'அன்புள்ள ரோஸ்லினுக்கு, ரோஸ்லின்' என்று அட்டையும் வைத்தேன். ஒரு பச்சைப் பட்டுச்சேலையும் எடுத்தேன். பச்சை எனக்கு எடுக்காது என்பது அம்மா கட்சி. அம்மாவை நான் கூப்பிடவில்லை.

பதினாலாந்தேதி ஏழரைக்குப் போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே இதய வடிவில் பலூன். எதிர் நாற்காலியில் மக்ரூன் டப்பாவை வைத்தேன். வெயிட்டர் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, "சார் ஆரே க்யா மேடம்?" என்றார். சார் யாரும் வரமாட்டார், சாருடைய பிரியாணியையும் எனக்கே வையுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என்னையும் டப்பாவையும் பார்த்தார். "ஹவ் மேடம்" என்று ஹைதராபாத் பாஷையில் சரி சொல்லிவிட்டு இரண்டு தட்டையும் என் பக்கம் நகர்த்தினார். நல்ல மனுஷன்.

முதல் தட்டு மட்டன் பிரியாணி முடிந்து இரண்டாவதில் கை வைத்த நேரம், வாசலில் தண்டபாணி. கூட அவர் மனைவி கனகவல்லி, தலை நிறைய மல்லிகைப்பூ. தற்செயலாக வந்தார்களாம். ஊரில் இத்தனை ஓட்டல் இருக்க இங்கேதான் தற்செயல் கொண்டுவந்து விட்டதாம். என் எதிர் நாற்காலியைப் பார்த்ததும் தண்டபாணியின் முகம் இழவு வீட்டுக்குப் போனது போல் ஆகிவிட்டது. பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் அடுத்த வாய் பிரியாணியை எடுத்தேன்.

அவர்கள் மேசைக்கு சூப் வந்தது. கனகவல்லி கரண்டியை எடுத்தார். நாய் குரைத்தது.

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. தண்டபாணி போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து, குரைக்கிற போனை என் இரண்டாவது தட்டுக்குப் பக்கத்தில் பணிவாக வைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அவருதான் வரலீங்களே. நீங்க சும்மாதான இருக்கறீங்க" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கை அதுவாகவே போனை நோக்கிப் போனது. ஏழு வருஷப் பழக்கம். பாதி வழியில் பச்சைச் சேலையின் கரை கண்ணில் பட்டது. இன்றைக்கு இதை எடுத்துவிட்டால் சாகும்வரை இந்த நாய் என்னோடுதான் என்று தெரிந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

"வந்தாச்சு சார். நாந்தான். நானும் நானுந்தான் சாப்பிட வந்துருக்கோம்" என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், மக்ரூன் டப்பாவைப் பார்த்தார், அட்டையைப் படித்தார். நாய் விடாமல் குரைத்தது. டீம் லீடர் மூளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"அப்ப ஃப்ரீதானுங்களே?"

"இல்ல சார். பாதியில எந்திச்சுப் போனா இவ கோவிச்சுக்கிடுவா. ஏழு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் கூட்டிட்டு வந்துருக்கேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கனகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கியதும், "ஏனுங்க, அது உங்க போனு. வெளிய போயி எடுங்க" என்றார் புருஷனிடம். தண்டபாணி போனைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடினார். கண்ணாடி வழியாக, காரின் பானட்மேல் லேப்டாப்பை வைத்து அவர் பூனைகளுக்காகப் போராடுவது நன்றாகத் தெரிந்தது.

பதினைந்து நிமிஷம் கனகவல்லி காத்திருந்தார். அப்புறம் வெயிட்டரைக் கூப்பிட்டு, எதிர்ப்பக்கத் தட்டைக் காட்டி, என்னைக் காட்டி, தன் பக்கம் கையைக் காட்டினார். வெயிட்டர் சாருடைய தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அன்று நானும் அவரும் அவரவர் மேசையில், ஆளுக்கு இரண்டு பிரியாணி, இரண்டு கிண்ணம் குபானி கா மீட்டா என்கிற பழ இனிப்பு.  இரண்டாவது மீட்டாவின்போது அவர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார், நானும் காட்டினேன். மக்ரூனை அறைக்குக் கொண்டுபோய் ஒற்றை ஆளாகத் தின்றேன். இத்தனை வருஷம் என்னத்தைத் தானம் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஒயிட்போர்டு துடைத்திருந்தது. புது ஷீட் மெயிலில் வந்தது. புனித வெள்ளி, ஈஸ்டர் இரண்டுக்கும் போன் தண்டபாணியிடம். ஃபேமிலி கட்டத்தில் என் பெயருக்கு நேராக யெஸ். அடுத்து புதிதாக ஒரு கட்டம், 'எத்தனை பேர்'. அதில் ஒன்று என்று போட்டிருந்தார்.