மன்றத்து ஏட்டில் இல்லாத மனைவி

நகரமன்றக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை மருந்துக்கடைக்காரர் வாசித்துக் காட்டியபோது நுன்சியாத்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. மணமாகாத கஸ்பாரே, நாவிதர் மகள் ப்ராசேதேவை வரும் சனிக்கிழமை மணக்கிறானாம். கஸ்பாரே அவளுடைய புருஷன். எட்டு வருஷக் குடித்தனம், மூன்று பிள்ளைகள். ஆலிவ் ஆலையில் வேலை என்று போனவன் மூன்று மாதமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

நேரே கோயிலுக்கு ஓடினாள். பாதிரியார் தோன் லிபோரியோ கோயில் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குக் கூடவே கிளம்பிவிட்டார். அவர்களுக்கு மோதிரம் மாற்றி வைத்தவர் அவர். மன்றத்தில் போய் எழுதுவது பாவம், கல்யாணம் பண்ணி வைக்க ராஜா யார் என்று பிரசங்கத்தில் முழங்கியவரும் அவரேதான். ஊர் பாதி அதை நம்பியது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

மன்றத்துக் குமாஸ்தா அந்த ஏட்டை மரியாதையாகவே பார்த்தார். அவள் கீறிய சிலுவைக் குறி, கஸ்பாரேயின் கையெழுத்து, எல்லாம் இருந்தன.

"சாமி, இது உங்க புஸ்தகம். புதுச் சட்டப்படி எங்க புஸ்தகத்துல எழுதினாத்தான் கல்யாணம்."

"கடவுள் முன்னால நான் கட்டி வெச்சேன்யா."

"யாரு இல்லேன்னா? இங்க வரக்கூடாதுன்னு தடுத்ததும் நீங்கதானே."

பாதிரியார் ஏட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருடைய வைராக்கியத்தில் மாட்டிக்கொண்டவள் இவளல்லவா?

என் பிள்ளைகள் என்று அவள் இழுத்தாள். குமாஸ்தா வேறொரு ஏட்டைப் புரட்டி, மருத்துவச்சி வந்து பதிந்துவிட்டுப் போன மூன்று பிறப்புகளிலும், மன்றத்துக் கல்யாணம் இல்லாததால், தகப்பன் பெயர் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சனிக்கிழமை காலையிலேயே போய் மன்றத்து வாசலை மறித்து நின்றாள். கஸ்பாரே புதுச் சட்டையோடு வந்தான், பக்கத்தில் ப்ராசேதே.

"என்னங்க, நான் உங்க பொண்டாட்டின்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் இல்லையென்று சாதிப்பான், அப்போது ஊரைக் கூட்டலாம் என்றுதான் எண்ணியிருந்தாள். அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினான்.

"கோயில்ல நீதான். நான் எப்ப இல்லேன்னேன்? இங்க இவ."

பாவி, அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

குமாஸ்தா வெளியே வந்து, "குமாரி, கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று நுன்சியாத்தா திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருத்தரும் இல்லை.