நாற்பது சொல்லுக்குள் அத்தான்

சலவைக் கடை மாடியில், இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறிவரும் ஒற்றை அறைதான் ‘வார்டு வாசல்’ பத்திரிகையின் தலைமையகம், கிளை அலுவலகம், சாப்பாட்டு அறை எல்லாம். லாபம் என்ற சொல்லையே அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. நாலு நல்லவர்கள் தரும் நன்கொடையில் அச்சாகி, வீடு வீடாக இலவசமாகப் போய்ச் சேரும். சேர்ந்த பிறகு படிக்கிறார்களா, அதை வைத்து ஜன்னல் துடைக்கிறார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆசிரியரின் சொந்த அக்காவே ஒரு வரி படித்தது கிடையாது. அந்த வருத்தம் தங்கையான ஆசிரியருக்கு நிறையவே இருந்தது.

வார்டு தேர்தல் வந்தது. கவுன்சிலர் பதவிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இன்னொருவர், வேறு யார், அதே அக்காவின் புருஷன். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அத்தான் தங்கமான மனிதர். மைக்கைக் கண்ணில் காட்டாதவரை. கல்யாணத்தில் ‘எல்லாரும் சாப்பிட வாங்க’ என்று அறிவிக்கச் சொன்னால், அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

பத்திரிகைக்கு ஒரு கறாரான வழக்கம் உண்டு. வாசகர்கள் அதிகம் கேட்ட மூன்று கேள்விகள் இரண்டு வேட்பாளர்களுக்கும் போகும். ஒவ்வொரு பதிலுக்கும் நாற்பது சொல். நாற்பத்தொன்றாவது சொல் தலைகீழாக நின்றாலும் அச்சேறாது. மிஞ்சியதை வெட்டுவது பக்கம் போடும் கம்ப்யூட்டர்காரனின் வேலை. வெட்டுகிற விஷயத்தைப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

பத்திரிகை வந்தது. ‘கடைத்தெருச் சாக்கடை ஏன் எப்போதும் தேங்கி நிற்கிறது? என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு அத்தானின் பதில் இப்படி இருந்தது:

‘பாசத்துக்குரிய பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே, துடிப்பான இளைஞர்களே, காலையில் நடக்கப் போகும் நண்பர்களே, போக நினைத்துத் தூங்கிவிடும் நண்பர்களே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடும் அன்பர்களே, கடன் சொல்லாமல் ஆணி வாங்கும் வாடிக்கையாளர்களே, அதே ஆணியைக் கடன் சொல்லி வாங்கிப் போகும் உறவினர்களே, இந்தச் சாக்கடையைத் தினமும் தாண்டும் சிங்கங்களே, தாண்ட முடியாமல் விழுந்த.’

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி. தெருவிளக்குக் கேள்விக்கும் குப்பைக் கேள்விக்கும் அதே வணக்கம், அதே ‘விழுந்த’.

வார்டே வயிறு வலிக்கச் சிரித்தது. மறுநாள் அக்கா மாடிப்படி அதிர ஏறி வந்தாள்.

“ஏன்டி, நீ என் கூடப் பிறந்தவதானா? குடும்ப மானத்தை வீடு வீடாப் போட்டுட்டியே, அதுவும் இலவசமா!”

“அக்கா, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். சொந்தம்னு சலுகை காட்டினா நாளைக்கு யாரு நம்புவா?”

“அப்படியா? வேன்காரம்மா நீளமா எழுதினப்ப, போன் போட்டு ‘சுருக்கி அனுப்புங்க’ன்னு சொன்னியாமே. இவருக்கு ஏன்டி சொல்லலை?”

ஆசிரியருக்குச் சுருக்கென்று தைத்தது. நீளமாக எழுதுகிற யாருக்கும் போன் செய்து சொல்வதுதான் அவள் வழக்கம். அத்தானுக்கு மட்டும், சலுகை என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் செய்யவில்லை. நியாயம் பார்க்கப் போய் அநியாயம் பண்ணியாயிற்று.

“இனிமே என் வாசப்படியை மிதிக்காதே” என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனாள். அம்மா போன பிறகு ஆசிரியருக்கு அம்மாவும் அவள்தான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆசிரியர் அழுதாள்.

அழுது முடித்ததும் பரிகாரம் யோசித்தாள். பள்ளிக்கூடக் கூடத்தில் பொதுக்கூட்டம். இரண்டு வேட்பாளர்களுக்கும் சமநேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், பிறகு மைக் அணையும். அக்காவிடமிருந்து ஆள் வந்தது: மைக் ஸ்விட்ச் தன் கையில் இருந்தால்தான் தன் புருஷன் வருவார், தங்கையை நம்ப முடியாது. வேன்காரம்மா இதைக் கேட்டுச் சிரித்தாள். “தாராளமா பிடிக்கட்டும். பொண்டாட்டியை விடக் கறாரா யாரு இருக்கப் போறா?”

கூடம் நிரம்பிவிட்டது. முதல் கேள்வி சாக்கடை. வேன்காரம்மா எழுந்தாள். “நான் அது கூடவே நடந்து பார்த்தேன். இரும்புக் கடை முன்னால அடைச்சுக்கிட்டு நிக்குது. அங்க திறந்துவிட்டா ஓடும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் எழுந்தார். பெரியோர்களை அழைத்தார். தாய்மார்களை அழைத்தார். தூங்கிவிடும் நண்பர்களை அழைத்துக்கொண்டிருக்கும்போது ‘டப்’. வாய் மட்டும் அசைந்தது.

“ஏம்மா, கரண்டு போச்சா?”

“கரண்டு இருக்கு. உங்க நேரம்தான் போச்சு” என்றாள் அக்கா.

“சொல்லட்டும், விடுங்க” என்று வேன்காரம்மா பெருந்தன்மையாகக் கத்தினாள்.

“மைக் இல்லாமலா?” அத்தான் திகைத்துப் போனார்.

“வீட்டுல என்ன மைக் வச்சா பேசறோம்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றாள் அக்கா.

அத்தான் மைக்கைக் கீழே வைத்தார். பிறகு, வீட்டில் பேசுகிற அந்தச் சின்னக் குரலில் சொன்னார்: “என் கடைப் படிதான். பெருசாக் கட்டினப்ப சாக்கடை மேல வந்துடுச்சு. தெரிஞ்சேதான் கட்டினேன். தப்பு. நாளைக்கே இடிச்சுடறேன்.”

மறுநாள் சொந்தக் கடைக் கடப்பாரையாலேயே படியை இடித்தார். சாக்கடை குதித்துக்கொண்டு ஓடியது. ஆனாலும் தேர்தலில் தோற்றார்.

முடிவு வந்த சாயங்காலம், அத்தானே கூப்பிட்டதால், ஆசிரியர் பயந்து பயந்து அந்த வாசப்படியை மிதித்தாள். உள்ளே அக்கா தேம்பிக்கொண்டிருந்தாள்.

“விடும்மா” என்றார் அத்தான், அவள் தலையைத் தடவி. “ஊரே கைவிட்டாலும் உன் ஓட்டு எனக்கு விழுந்துச்சே. அது போதும்.”

அக்கா முன்னிலும் பெரிதாக ஓலமிட்டுக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். ஆசிரியர் பின்னாலேயே போனாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு, கோபத்தையெல்லாம் மறந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அவருக்குப் போடலைடி.”

“என்னக்கா சொல்றே!”

“உன் பத்திரிகையை ரெண்டு தடவை வரி விடாமப் படிச்சேன். அந்த வேன்காரம்மா சொன்னதுதான் சரியாப் பட்டுச்சு. படிக்காம இருந்திருந்தா நிம்மதியா புருஷனுக்குப் போட்டிருப்பேன். எல்லாம் உன்னால வந்தது, பாவி!”

ஆசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா படித்திருக்கிறாள்! அவளைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: “அழாதே. நான் அத்தானுக்குத்தான் போட்டேன்.”

“நீயா?”

“அத்தனை பேர் முன்னால ‘தப்பு’ன்னு சொன்னாரே. அப்புறம் எப்படிக்கா போடாம இருக்க முடியும்?”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். “என் வயித்துல பாலை வார்த்தேடி” என்று சொல்லி, அழுகையும் சிரிப்புமாக அவள் தோளில் சாய்ந்தாள்.

கூடத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. “என்னம்மா, இன்னுமா அழறே?”

“இல்லைங்க,” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கு விழுந்த ஓட்டைத்தான் எண்ணிக்கிட்டிருக்கோம்.”